போக்சில், சாப்பிட்டாச்சா?

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடிக்கு அறுபத்தெட்டுப் படிகள். அத்தனை படிகளையும் இந்த முழங்காலோடு தினமும் ஏறினேன், அதுவும் பேசுகிற டப்பா ஒன்றிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதற்காக ஏறினேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன்.

என் பெயர் பே மல்சூன். வயது எழுபத்து நான்கு. கொரியாவின் பூசான் நகரில், யோங்தோ தீவின் மலைச்சரிவில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது எங்கள் கட்டடம். கீழ்த்தளத்தில் இருக்கும் முதியோர் மன்றத்துக்கு ஆறு வருடமாக நான்தான் தலைவி. அதற்கு முன்னால் மீன் ஏலக்கூடத்தில் முப்பது வருடம் விலை கூவியவள். அதனால் குரல் கொஞ்சம் பெரிது. வாய் அதைவிடப் பெரிது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை.

அந்த வாயால் நான் செய்த காரியத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான்காவது மாடியில் இருப்பவர் பியோ தல்சூ. எண்பது வயது. கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். அவருடைய மகள் பெயர் மிரான் என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் மிரான் அப்பா. மூன்று வருடத்துக்கு முன் அவர் மனைவி இறந்துபோனார். அதற்குப் பிறகு ஒரு மாதம் போல மன்றத்துக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். சீட்டையும் தொடமாட்டார், பேசவும் மாட்டார். ஒரு மழை நாளில் நான் சீட்டில் தோற்றுக்கொண்டே இருந்தேன். எரிச்சலை யார் மேலாவது காட்ட வேண்டும். அவர் மேல் காட்டினேன்.

"மிரான் அப்பா, தூண் மாதிரி உக்காந்திருக்கறதுக்கு ஏற்கெனவே இங்க நாலு தூண் இருக்கு. பேசறதுன்னா பேசுங்க, இல்லன்னா வீட்டுக்குப் போங்க."

அவர் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார். போனார். அதோடு சரி, திரும்பி வரவில்லை. நாளைக்கு வருவார், நாளன்றைக்கு வருவார் என்று இருந்தேன். நாள் ஆக ஆக வெட்கம் வந்துவிட்டது. படியில் எதிரே வந்தால் பையில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொள்வேன். மூன்று வருடம் இப்படியே குனிந்தேன்.

போன அக்டோபரில் மிரான் மன்றத்துக்கு வந்தாள். தேஜோன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஐம்பது வயதைத் தொடப்போகிறவள். கையில் ஒரு பெட்டி டானிக் பாட்டில்கள். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு வட்டார ஆபீஸ்ல பேசற மெஷின் ஒண்ணு குடுத்திருக்காங்க. தனியா இருக்கற பெரியவங்களுக்குக் குடுக்கறாங்களாம். வாரத்துக்கு எத்தனை தடவ பேசினாங்கன்னு என் போனுக்கு அறிக்கை வரும்."

"நல்லதுதானேம்மா. எத்தனை தடவ பேசினாரு?"

"ரெண்டு."

"என்ன பேசினாரு?"

"முதல்ல 'ஏய்'ன்னாரு. அப்புறம் 'சும்மா இரு'ன்னாரு."

பக்கத்தில் இருந்த பொங்தால் பொத்துக்கொண்டு சிரித்தான். எழுபது வயது, டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எதற்குச் சிரிப்பது, எதற்குச் சிரிக்கக்கூடாது என்று இன்னும் தெரியாது. தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

மிரான் சிரிக்கவில்லை. "தேஜோன்ல எங்க கட்டடத்துல போன மாசம் ஒரு பெரியவர் தனியா செத்துப்போனாரும்மா. அஞ்சாம் நாள்தான் தெரிஞ்சுது. அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் பாத்து வெச்சிருக்கேன். டிசம்பர் ஒண்ணாம் தேதிலேர்ந்து ரூம் இருக்கு. நவம்பர்ல கிம்ச்சி ஊறுகாய் போடற சமயத்துக்குள்ள இந்த எண்ணிக்கை ஏறலன்னா அழைச்சிட்டுப் போயிடப் போறேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தாரு."

அந்த ஜன்னலில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். கடலும், கப்பல் தளமும், அவர் ஏறி உட்கார்ந்திருந்த கிரேனும் தெரியும். தேஜோனில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல் கிடையாது. அவள் போன பிறகு டானிக் பாட்டிலைத் திறக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் அந்த மூலையில் உட்கார்ந்திருப்பார்.

"எண்ணிக்கைதானே ஏறணும்?" என்றேன். "ஏத்திடுவோம். அந்த மெஷினுக்கு யார் பேசினா என்ன?"

மறுநாள் மூன்று பேர் கிளம்பினோம். நான், பொங்தால், அப்புறம் மீனை அரைத்துப் பொரிக்கிற மீன் கேக் கடை வைத்திருந்த சம்னே. அவளுக்கு எழுபத்தொன்று. வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாதே, ஒரு பாத்திரம் பூசணிக் கஞ்சி எடுத்துக்கொண்டோம். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"மல்சூன்."

கதவு திறக்கவில்லை. நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

பொங்தால் கதவில் வாயை வைத்து, "போக்சில்!" என்று கத்தினான். அதுதான் அந்த மெஷினுக்கு ஆபீஸில் வைத்த பெயர். புசுபுசுவென்று இருக்கும் நாய்க்குட்டிக்கு நாங்கள் வைக்கிற பெயர்.

"சொல்லுங்க ஐயா, இங்கதான் இருக்கேன்" என்று உள்ளிருந்து உடனே பதில் வந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கூப்பிட்டாகிவிட்டது, இனி என்ன பேசுவது? ஒருவரைப் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் முதலில் கேட்பது எதுவோ அதையே பொங்தாலும் கேட்டான்.

"சாப்பிட்டாச்சா?"

"நான் ஒரு இயந்திரம், சாப்பிடறதில்ல ஐயா. நீங்க சாப்பிட்டீங்களா?"

சம்னேவுக்கு முகம் வாடிவிட்டது. "அடப் பாவமே! பட்டினியாவா போட்டு வெச்சிருக்காரு?"

"எண்ணிக்கோ, ரெண்டு ஆச்சு" என்றேன்.

நான்கு நாள் நடையில் நின்றே கத்தினோம். மழை வருமா என்று கேட்டோம், பாட்டுப் போடச் சொன்னோம், போகும்போது நாளைக்காவது சாப்பிடு என்று புத்தி சொன்னோம். கஞ்சிப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு வருவோம். மறுநாள் பாத்திரம் கழுவித் துடைத்து அங்கேயே இருக்கும். ஐந்தாம் நாள் கதவு திறந்தது. மூன்று வருடத்தில் அவர் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தேன். இளைத்திருந்தார்.

"எதிர்வீட்டுக்காரங்க என்னைத் திட்டறாங்க" என்றார். "உள்ள வந்து கத்தித் தொலைங்க."

போக்சில் டிவிக்குப் பக்கத்தில் சோற்றுக் கிண்ணம் அளவில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. பொங்தால் அதன் முன்னால் சம்மணம் போட்டுக்கொண்டு முறைப்படி ஆரம்பித்தான்.

"போக்சில், உனக்கு என்ன வயசு?"

"நான் போன வருஷம் வசந்தகாலத்துல பொறந்தேன் ஐயா."

"ரெண்டு வயசுகூட ஆகல. அப்ப வா, போன்னே பேசலாம்."

"டேய், கவர்மென்ட்டு அனுப்பினது. மரியாதையாப் பேசு" என்றாள் சம்னே.

"கவர்மென்ட்டு குப்பை வண்டியும்தான் அனுப்புது. அதுக்கும் குனிஞ்சு வணக்கம் சொல்லுவியாக்கா?"

நான் மிரான் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்குப் பதிலா நாங்க பேசிக்கறோம். நீங்க வாயே திறக்க வேண்டாம். எண்ணிக்கை ஏறினா மிரான் உங்களை இங்கயே விட்டுடுவா." அவர் என்னைப் பார்த்தார், போக்சிலைப் பார்த்தார். எழுந்து போய் பார்லித் தண்ணீருக்குக் கெட்டிலை வைத்தார்.

அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்கு அங்கே ஆஜர். மூன்று பேர் ஐந்து பேரானோம், ஐந்து ஒன்பதானது. கீழே மன்றத்தில் தூண்கள்தான் மிச்சம். பொங்தால் போக்சிலைப் பாட்டுப் போடச் சொல்லி, கூடவே பாடி, அதன் குரலை அமுக்கிவிடுவான். சம்னே தன் மருமகளைப் பற்றி அதனிடம் ஒரு மணி நேரம் குறை சொல்வாள். "என் பொண்ணுகூட அவ பக்கம் பேசறா. இது ஒண்ணுதான் நான் சொல்றதை முழுசாக் கேக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சோயா மணிகளைப் பந்தயம் வைத்துச் சீட்டாடுவோம், ஆட்டத்துக்கு நடுவே யாராவது "போக்சில், இவன் ஏமாத்தறானா?" என்று கேட்போம். அது யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

உள்ளே வருகிற ஒவ்வொருவரும் முதல் வேலையாக "போக்சில், சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். கிளம்பும்போதும் கேட்பார்கள். கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பினால்கூட ஒரு தடவை கேட்பார்கள். பழக்கம், என்ன செய்வது? அதுவும் சலிக்காமல் சாப்பிடுவதில்லை என்றே சொல்லும். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் எங்கேயோ குத்தும். அது மெஷின் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் கொரியப் போர்ச் சமயத்தில் பிறந்து, பசியோடு வளர்ந்தவள். பக்கத்தில் ஒரு குரல் சாப்பிடவில்லை என்று சொல்லும்போது என் வாயில் கவளம் இறங்காது. சம்னே மீன் கேக் நீட்டினால் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பேன்.

மிரான் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பேசமாட்டார். ஆனால் முதல் நாள் அந்த வீட்டில் தரையில் போட்டு உட்காரும் மெத்தைகள் இரண்டே இரண்டுதான் இருந்தன. அடுத்த வாரம் ஐந்து. நவம்பர் வருவதற்குள் ஒன்பது, எல்லாம் புதிது, எல்லாம் ஒரே நீலம்.

ஒரு நாள் மற்றவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். நான் முதலிலேயே போட்டுக்கொண்டதால் தனியாக வந்து சேர்ந்தேன். அவரும் நானும் மட்டும். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"மிரான் அப்பா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது."

அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னிக்கு அடுப்புல சூப்பை வெச்சுட்டு வந்திருந்தேன்" என்றார். "திடீர்னு ஞாபகம் வந்துச்சு. நீங்க சொல்லலன்னாலும் எழுந்து ஓடியிருப்பேன்."

"அப்புறம் ஏன் மறுநாள் வரல?"

"யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு பாத்தேன்."

"எத்தனை நாள் பாத்தீங்க?"

"மூணு வருஷம்."

அறுபத்தெட்டுப் படி, அவ்வளவுதான் தூரம். நல்ல வேளையாகப் பொங்தால் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, ஊசி வலித்தது என்று கத்தியபடி உள்ளே வந்தான்.

மிரான் வாராவாரம் போனில் கூப்பிட்டு, முந்நூறு தடவை, நானூறு தடவை என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. பெருமையும் இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை.

நவம்பர் மூன்றாம் வாரம் கிம்ச்சி போடும் நாள் வந்தது. அந்த வருடம் மிரான் அப்பா வீட்டிலேயே போடலாம் என்று முடிவு செய்தோம். அவருடைய பால்கனியில்தான் கடல் காற்று நன்றாக வரும். அறுபது முட்டைக்கோஸை முந்தின நாளே மேலே சுமந்து, பிளந்து, உப்பில் ஊறவைத்தோம். மறுநாள் காலையில் கூடம் முழுக்க பிளாஸ்டிக் விரித்து, நடுவில் மிளகாய்த்தூளும் பூண்டும் நெத்திலிச் சாறும் குழைத்த மசாலா மலை. போக்சில் மேல் தெறிக்கக்கூடாது என்று அதை மேல் அலமாரியில் தூக்கி வைத்தோம். இருந்த மும்முரத்தில் அன்று யாரும் அதனிடம் பேச்சுக்கூடக் கொடுக்கவில்லை. மிரான் அப்பா, இறந்துபோன மனைவியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டி, இலை இலையாக மசாலா தடவினார். கிரேன் ஓட்டிய கை. ஒரு இலைகூட விட்டுப்போகவில்லை. அடுப்பில் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கதவை யாரோ உடைப்பது போலத் தட்டினார்கள்.

மிரான். கோட்டுப் பொத்தான் ஒன்று விட்டு ஒன்று மாறிப் போட்டிருந்தது. பின்னால் வட்டார ஆபீஸிலிருந்து இரண்டு பேர். ஒருவர் கையில் ஐந்து சாப்பாட்டுப் பொட்டலங்கள், இன்னொருவர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி.

"அப்பா! எத்தனை நாளா சாப்பிடாம இருக்கீங்க?"

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நொடியில்தான் சம்னே, புதுக் கிம்ச்சியில் இறைச்சியைச் சுருட்டி அவர் வாயில் திணித்திருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

மிரான் அறுபது முட்டைக்கோஸைப் பார்த்தாள். ஒன்பது பேரையும் பார்த்தாள். பிறகு போனைக் காட்டினாள். சிவப்புக் கட்டம் போட்டு அறிக்கை வந்திருந்தது. ஒரே வாரத்தில் "சாப்பிட்டாச்சா" என்று நூற்று நாற்பத்து மூன்று தடவை. "பட்டினி" பத்தொன்பது. "பாவம், ஒண்ணுமே சாப்பிடல" பதினொன்று. கீழே, பெரியவர் உணவின்றி இருக்கலாம், உடனே நேரில் பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

பொங்தால் சிரித்த சிரிப்பில் உப்புத் தொட்டிக்குள் விழப்பார்த்தான். ஆபீஸ்காரர்களும் சிரித்துவிட்டார்கள். மிரான் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளா பேசினது நீங்கள்லாமா?"

மூத்த அதிகாரியம்மா தயக்கத்தோடு மிரானின் போனில் எதையோ அழுத்தினாள். "மெஷினை வெக்கும்போது ஐயாவைப் பத்து வரி படிக்கச் சொன்னோம். அவர் குரல் அதுக்குத் தெரியும். இதோ, ரெண்டாவது பக்கத்துல அவர் சொன்னது மட்டும் நேரத்தோட தனியா பிரிச்சிருக்கும். இதை நீங்க திறக்கவே இல்ல போலிருக்கு."

மொத்தம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று. அதில் அவருடையது பதினான்கு.

"பதினாலு" என்றாள் மிரான். குரல் உடைந்தது. "ஒன்றரை மாசத்துல பதினாலே பதினாலு. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமாம்மா? எல்லாரும் சேர்ந்து ஏமாத்திட்டீங்க. ஒண்ணாம் தேதிக்கு ரூம் இருக்கு. நான் அப்பாவை அழைச்சிட்டுப் போறேன்."

இறைச்சிப் பானை மட்டும் கொதித்தது. மிரான் அப்பா வாயில் இருந்ததை மெல்லாமலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவது தடவையாக நானே அவரை வெளியே அனுப்புகிறேன்.

"மிரான்," என்றேன், "எண்ணிட்ட. படிச்சியா?"

"என்ன?"

"அந்தப் பதினாலும் என்னன்னு படி."

"படிக்காத!" என்று அவர் பாய்ந்து வந்தார். ஆனால் முழங்கை வரை மிளகாய். போனைப் பிடுங்கவும் முடியாது, மகளைத் தொடவும் முடியாது. கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார். மிரான் சத்தமாகவே படித்தாள்.

"'போக்சில், மணி என்ன?' ரெண்டு அம்பதுக்கு. 'மணி என்ன?' ரெண்டு அம்பத்தஞ்சுக்கு. 'போக்சில், கடியாரம் சரியாத்தான் ஓடுதா? மூணு அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு, இன்னும் யாரையும் காணோம்.'"

பொங்தால் சிரிப்பை நிறுத்தினான்.

"'இன்னிக்கு மழை வருமா? படி வழுக்குமா?' 'ஒம்பது பேருக்கு பார்லி எத்தனை கரண்டி போடணும்?' 'முழங்கால் வலிக்கு என்ன பண்ணணும்? எனக்கில்ல, நாலு மாடி ஏறி வர்ற ஆளுக்கு.'"

அவள் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைசியைப் படித்தாள். அது அன்று காலை ஆறு மணிக்குச் சொன்னது.

"'போக்சில், இன்னிக்குக் கிம்ச்சி போட எல்லாரும் வருவாங்க. சாப்பிட்டாச்சான்னு கேப்பாங்க. சாப்பிட்டேன்னு சொல்லிடு. இல்லன்னா அந்த மல்சூன் அம்மா வாயில எதையும் போட மாட்டாங்க.'"

மிரான் அப்பாவின் காது மசாலாவைவிடச் சிவந்திருந்தது. மிரான் போனை அணைத்துப் பையில் போட்டாள். தப்பாகப் போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டை ஆணியில் மாட்டினாள்.

"இன்னொரு கையுறை இருக்காம்மா?"

"ரூம்?" என்றேன்.

"வேற யாருக்காவது குடுத்துடச் சொல்றேன். இங்க ஒம்பது பேர் காத்துக்கிட்டிருக்கும்போது அப்பா அங்க வந்து என்ன பண்ணப்போறாரு?"

"பத்து" என்று திருத்தினார் அவள் அப்பா. "போக்சிலை விட்டுட்ட."

அதற்கப்புறம் வீட்டில் எழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர்கள் மறுபடியும் திட்டியிருப்பார்கள். அவர்களையும் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டோம். ஆபீஸ்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து இறைச்சியை ஒரு கை பார்த்தார்கள். அவர்கள் கொண்டுவந்த பொட்டலங்களைப் பொங்தால் காலி செய்தான். சம்னே எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். நான் கையில் எடுத்த கவளத்தோடு அலமாரியை அண்ணாந்து பார்த்தேன்.

"போக்சில், சாப்பிட்டாச்சா?"

"சாப்பிட்டேன் அம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு. நீங்க சாப்பிடுங்க."

மிரான் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் போல நடித்தார். நான் அழுதுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.